லங்காவியில் துடுப்பு போட்ட நாள்

(மூத்தோர் மாதக் கூட்டத்தில் பேசியது)

மருமகனுடைய நண்பரின் பாய்மரப் படகில் மலேசியாவின் லங்காவித் தீவைச் சுற்றி வந்தோம். அதில் ஒரு நாளை மட்டும் சொல்கிறேன்.

கிலிம் பக்கம் 'ஹோல் இன் தி வால்' என்று ஓர் இடம். சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே ஒரு சந்து. அங்கே நங்கூரம் போட்டுவிட்டு, இரண்டு கயாக்கில் அலையாத்திக் காட்டுக்குள் போனோம். பெரிய படகுக்கு ஆழம் வேண்டும். கயாக்குக்கு முழங்கால் தண்ணீர் போதும். ஆனால் கடல் ஏற ஏறக்குறைய ஆறு மணி நேரம், இறங்க ஆறு மணி நேரம். வற்றும்போது ஓடைக்குள் மாட்டினால் சேற்றில்தான் உட்கார வேண்டும். அதனால் ஏற்றத்தோடு போய், தண்ணீர் திரும்பியதும் திரும்பினோம். பேங்க் கவுண்டர் மாதிரிதான், நேரம் ஆனால் ஷட்டர் இறங்கிவிடும்!

சுரபுன்னை விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் மாதிரி தொங்குகிறது. விழுந்தால் சேற்றில் குத்தி நின்றுவிடும், இல்லையென்றால் மிதந்து போய் வேறிடத்தில் வேர் பிடிக்கும். வேரடியில் ஒற்றைக் கொடுக்கு பெருத்த சின்ன நண்டுகள். துடுப்பை நிறுத்தினால் சேறு 'டக் டக்' என்று சொடுக்குகிற சத்தம்கூடக் கேட்கிறது.

அந்த அமைதியில் ஒரு சுற்றுலா மோட்டார் படகு வேகமாகக் கடந்தது. எங்கள் கயாக் ஆடிய ஆட்டத்தில் என் மனைவி வேரைப் பிடித்துக்கொண்டார். அந்த அலைதான் தினமும் வேரடி மண்ணை அரிக்கிறது. செம்பருந்துகளுக்குக் கோழித்தோல் வீசி வேடிக்கையும் காட்டினார்கள். மீன் பிடிக்கும் பறவையைக் கையேந்த வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

நம் பிச்சாவரத்திலும் சுரபுன்னை உண்டு. போகிறவர்கள் துடுப்புப் படகையே கேளுங்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள்.