நுரை மறைக்கும் ஒழுக்கு

‘ஈர நாட்டுப் பழைய வீட்டுக்கு ஸ்ப்ரே ஃபோம் வரவா, வம்பா?’ என்பது பட்டிமன்றத் தலைப்பு. ஸ்ப்ரே ஃபோம் என்றால் குளிரைத் தடுக்கக் கூரைக்கு அடியில் பீய்ச்சி அடிக்கும் நுரை. எதிரணித் தலைவர் ‘வரவே’ என்று கணக்குக் காட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்யாணத்துக்கு வந்த மொய்யை மட்டும் எழுதிவிட்டு, வாங்கிய கடனை எழுதாமல் விட்ட நோட்டு அது. விட்டுப்போன பக்கத்தைத் திருப்பிக் காட்டுவதுதான் இந்த அணியின் வேலை.

முதலில் ஈர நாடு என்றால் எது என்று பார்த்துவிடலாம். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. மழை. லண்டனில் 600 மி.மீ. சுற்றித்தான். மழையளவை மட்டும் பார்த்தால் லண்டன் வறண்ட ஊர்! ஆனால் சென்னை மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மழை விட்டால் வெயில். கொடியில் போட்ட வேட்டி ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று நிற்கும். லண்டனிலோ தூறல் ஆண்டு முழுக்க உண்டு. நவம்பர் மாதத்தில் காலையில் கொடியில் போட்ட வேட்டி, சாயங்காலம் எடுக்கும்போது இன்னும் கொஞ்சம் கனத்திருக்கும். அங்கே வீட்டுக் கூரைக்கும் இதே கதிதான். நனைவது கொஞ்சம், காய்வது அதைவிடக் கொஞ்சம்.

இது தெரிந்துதான் விக்டோரியா ராணி காலத்துத் தச்சர்கள் கூரை போட்டார்கள். கைமரம், அதன் குறுக்கே ரீப்பர், அதில் ஆணியடித்த வேல்ஸ் நாட்டுக் கற்பலகை ஓடு. அவ்வளவுதான். பரணில் ஏறி நின்று அண்ணாந்து பார்த்தால் பலகையின் அடிப்பக்கம் தெரியும்; இடுக்கு வழியே வெளிச்சமும் தெரியும். காற்று இறவாரத்தில் நுழைந்து முகடுவரை போய் வெளியேறும். சாய்ந்தடிக்கும் மழையில் நாலு துளி உள்ளே வந்தாலும், வந்த வழியே காற்று அதைத் துடைத்துக்கொண்டு போய்விடும். பிற்காலத்தில் ஓட்டுக்கு அடியில் தார் பூசிய ஃபெல்ட் விரித்தார்கள். அப்போதும் காற்றை விடவில்லை. பரணில் தரைமட்டத்தில் இன்சுலேஷன் விரித்த சாய்கூரைக்கு, இறவாரம் நெடுக 10 மி.மீ. இடுக்காவது வேண்டும் என்பது இன்றும் பிரிட்டனின் நடைமுறை. நூறு ஆண்டு தாண்டிய கைமரங்கள் இன்னும் நிற்பது இந்தக் காற்றால்தான்.

இந்தப் பரணுக்குள் ஒருவர் குழாயோடு ஏறுகிறார். வாசலில் வண்டி. வண்டியில் இரண்டு பீப்பாய். ஒன்றில் ஐசோசயனேட், இன்னொன்றில் பாலியால். இரண்டும் சரிக்குச் சரி அளவில், சூடாக, துப்பாக்கியின் மூக்கில் சந்திக்கின்றன. சந்தித்த நொடியில் பொங்கல் பானைபோல் பொங்கி, கைமரத்துக்கு நடுவே ஓட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு இறுகிவிடும். ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். பார்க்க அழகுதான், எதிரணியினர் கைதட்டியதில் தப்பே இல்லை.

நுரையில் இரண்டு சாதி. திறந்த அறை நுரை கன மீட்டருக்கு சுமார் 8 கிலோ. பஞ்சுபோல் மெத்தென்று இருக்கும், நீராவியை ஊடுருவ விடும். மூடிய அறை நுரை சுமார் 32 கிலோ. கட்டைபோல் இறுகிவிடும், கனமாக அடித்தால் ஆவி அநேகமாகத் தாண்டாது. அதே தடிமனில் குளிரைத் தடுப்பதில் மூடிய நுரைக்கு ஏறக்குறைய இருமடங்கு வலு. இதையெல்லாம் இந்த அணி மறுக்கவில்லை. வெப்பம் தாங்குவதில் நுரை கெட்டிக்காரன்தான்.

எதிரணியின் பலமான வாதத்தையே எடுத்துக்கொள்வோம். ‘வீட்டு ஈரம் சுவரையும் கூரையையும் ஊடுருவிப் போவதைவிட, ஓட்டை வழியே காற்றோடு போவதுதான் அதிகம், நுரை ஓட்டையை அடைக்கிறது’ என்றார்கள். உண்மை. அமெரிக்கக் கட்டட அறிவியலாளர்கள் அடிக்கடி காட்டும் ஒரு கணக்கு உண்டு. குளிர்நாட்டில் 4 அடிக்கு 8 அடி ஜிப்சம் பலகையை ஒரு குளிர்காலம் முழுக்க ஊடுருவும் நீர் ஒரு லிட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். அதே பலகையில் ஒரு சதுர அங்குல ஓட்டை இருந்தால், அதன் வழியே காற்றோடு போகும் நீர் 28 லிட்டர்!

சரி, அந்த ஓட்டை எங்கே இருக்கிறது? படுக்கையறைக் கூரையில். விளக்குக்குப் போட்ட துளை, தண்ணீர்க் குழாய் ஏறும் இடுக்கு, பரணுக்கு ஏறும் சதுரக் கதவின் விளிம்பு. நுரை அடித்தது எங்கே? அதற்கு மேலே, கைமரத்தில். கீழே இருக்கும் ஓட்டையை யாரும் தொடவில்லை. சமையல், குளியல், துணி உலர்த்துவது, மூச்சு எல்லாம் சேர்த்து ஒரு குடும்பம் நாளுக்குப் பத்து லிட்டர் அளவுக்கு நீரைக் காற்றில் விடுகிறது. அது முன்போலவே பரணுக்கு ஏறுகிறது. முன்பு ஏறிய ஆவியை இறவாரக் காற்று வெளியே கொண்டுபோனது. இப்போது இறவாரமும் நுரையால் அடைபட்டிருக்கிறது. விருந்தாளியை உள்ளே விட்டுவிட்டு வாசலைப் பூட்டிய கதை.

பூட்டிய ஆவி சும்மா இருக்குமா? 20 டிகிரியில் 60 விழுக்காடு ஈரம் உள்ள காற்று, 12 டிகிரிக்குக் கீழே எதைத் தொட்டாலும் வியர்க்கும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வெளியே வியர்ப்பதுபோல. ஜனவரி ராத்திரியில் ஓட்டின் அடிப்பக்கம் 2, 3 டிகிரியில் கிடக்கும். மூடிய அறை நுரை முழுக்க ஒட்டியிருக்கும்வரை பெரிய கவலை இல்லை. கலவை விகிதம் சற்றுப் பிசகினாலும், மரம் ஈரமாக இருக்கும்போது அடித்தாலும், நுரை சுருங்கிக் கைமரத்தை விட்டு மயிரிழை விலகும். அந்த மயிரிழை போதும், ஆவி உள்ளே போய்க் குளிர்ந்து நீராகிவிடும். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

இதில் ஒரு வேடிக்கை. அடிக்கும் நேரத்தில் மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஐசோசயனேட் தண்ணீரைக் கண்டால் பாலியாலை விட்டுவிட்டு அதனோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்ஸைடைக் கக்கும், நுரை கெடும். காய்ந்த மரம் கிடைப்பது அரிதான நாட்டில்தான் இந்தப் பண்டத்தை விற்கிறார்கள்!

இனி இந்த அணியின் முதன்மை வாதம். பழைய ஓடு ஒருநாள் வழுக்கும். ஆணி துருப்பிடித்துத் தலை உதிரும். ஓட்டுக்காரர்கள் அதற்கென்றே பேச்சு வழக்கில் ‘ஆணிக்கு நோய்’ என்ற பொருளில் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஓடு வழுக்கினால் என்ன நடக்கும்? சாதாரணப் பரணில் அடுத்த மழைக்கே கைமரத்தில் கறுப்பாக ஒரு கோடு இறங்கும். கிறிஸ்துமஸ் அலங்காரப் பெட்டியை எடுக்க ஏறுபவர் கண்ணில் அது படும். ஓட்டுக்காரர் வருவார், ஈயத் தகட்டில் ஒரு பட்டை வெட்டி, வழுக்கிய பலகையை மேலே தள்ளி, பட்டையின் நுனியை மடித்துக் கொக்கிபோல் நிறுத்துவார். அரை மணி நேர வேலை.

நுரை அடித்த பரணில்? அதே ஓடு வழுக்கும். அதே மழை வரும். தண்ணீர் நுரைக்கும் ஓட்டுக்கும் நடுவே ஊர்ந்து, ரீப்பரில் தங்கி, கைமரத்தின் மேல்முகத்தில் ஊறும். பரணில் ஏறிப் பார்த்தால் வெண்ணெய் தடவியதுபோல் மஞ்சள் நுரைதான் தெரியும். எல்லாம் நலம்! திறந்த அறை நுரை தண்ணீரைக் கடத்தி ஒழுக்கைக் காட்டிக்கொடுக்கும் என்று எதிரணி சொல்லலாம். காட்டும்தான், பஞ்சு நிறையக் குடித்த பிறகு, ஓட்டை இருக்கும் இடத்துக்கு நாலு அடி தள்ளி.

தெரிந்த பிறகாவது பழுது பார்க்க முடியுமா? ஃபெல்ட் இல்லாத கூரையில் நுரை நேராக ஓட்டிலேயே ஒட்டியிருக்கும். ஒரு பலகையை நகர்த்தப் போனால் பக்கத்துப் பலகையும் உடையும். நூறு ஆண்டு உழைத்து, இன்னும் ஐம்பது ஆண்டு உழைக்கக்கூடிய வேல்ஸ் கல்லைக் கழற்றி மறுபடி போட வழியில்லை. ‘ஒட்டிவிட்டால் இனி வழுக்காது’ என்று இதையே ஒரு சிறப்பாகச் சொல்லி விற்றவர்களும் உண்டு. பல் ஆடுகிறது என்று வாயைத் தைத்ததுபோல.

எதிரணியில் ஒருவர் ஃபுளோரிடாவைத் துணைக்கு அழைத்தார். அங்கேயும் ஈரம், அங்கே நுரை வெற்றி என்றார். நல்ல உதாரணம், ஆனால் வேறு வீடு. அங்கே ஓட்டுக்கு அடியில் முழுக்க ஒட்டுப்பலகை பரப்பியிருக்கும். ஏசி குழாய்கள் பரணிலேயே ஓடும். வீட்டு ஈரத்தை ஏசி இரவு பகலாக உறிஞ்சும். ஃபுளோரிடாப் பல்கலைக்கழகச் சோதனையில் மூடிய அறை நுரை அடித்த கூரைப்பலகை புயற்காற்றின் இழுப்பைக் கூடுதலாகத் தாங்கியது. வெள்ளத்தில் நனைந்தாலும் கெடாத பொருட்களில் ஒன்றாக அதை அமெரிக்கப் பேரிடர்த் துறையும் ஏற்கிறது. இந்தப் பெருமையெல்லாம் அதற்கு உரியதே. ஆனால் அதே அமெரிக்கத் தெற்கில், திறந்த அறை நுரை அடித்து அடைத்த பரண்களில் ஈரம் முகட்டில் போய்த் தேங்குவதைக் கண்டார்கள். பகலில் சூடேறினால் பலகையிலிருந்து காற்றுக்கு, ராத்திரி குளிர்ந்தால் காற்றிலிருந்து பலகைக்கு என்று ஈரம் பந்தாடியது. கடைசியில் 2018-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதியில், சூடான ஈரப் பகுதிகளுக்கு முகட்டில் ஆவி வெளியேறத் திறப்பு வைக்க இடம் கொடுத்தார்கள். அடைத்த பரணுக்கு மறுபடி ஒரு மூக்கு!

பிரிட்டனில் மூக்கு வைக்கவில்லை, சில நிறுவனங்கள் வீட்டுக் கடனை நிறுத்தின. 2020 செப்டம்பரில் அரசு, இன்சுலேஷன் போன்ற வேலைகளுக்குப் பசுமை வீட்டு மானியத்தைத் தொடங்கியது. செலவில் மூன்றில் இரண்டு பங்கு, 5,000 பவுண்டு வரை அரசு தந்தது. குறைந்த வருமானக் குடும்பத்துக்கு 10,000 வரை. 2021 மார்ச்சில் திட்டம் மூடப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் கதவைத் தட்டியும் போனில் அழைத்தும் நுரையை விற்றவர்கள் ஏராளம். 2024-இல் பிபிசி செய்தியில் வந்த கணக்கு: பிரிட்டனில் 2,50,000-க்கு மேற்பட்ட வீடுகளில் நுரை இருக்கிறது, பெரிய வீட்டுக் கடன் நிறுவனங்களில் கால்பங்கு அப்படிப்பட்ட வீட்டுக்குக் கடன் தருவதில்லை. வீட்டை அடமானமாகக் காட்டி முதுமைக் காலச் செலவுக்குப் பணம் எடுக்க நினைத்தவர்கள் திகைத்து நின்றார்கள். எரிவாயுச் செலவை மிச்சப்படுத்தப் போய் வீடே விற்க முடியாத பண்டமாகிவிட்டது. இப்போது ‘நுரையைச் சுரண்டித் தருகிறோம்’ என்று இன்னொரு கூட்டம் போன் செய்கிறது. அதற்கும் ஆயிரக்கணக்கில் பவுண்டு.

ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் பழைய வரிசை வீடுகளை வாங்கிக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால் நல்லது. சர்வேயர் பரணில் ஏறுகிறார். கையில் டார்ச், இன்னொரு கையில் ஈரம் அளக்கும் கருவி. கருவியின் இரண்டு ஊசியும் மரத்தில் இறங்க வேண்டும். மரம் எங்கே? நுரை. கைமரமும் ரீப்பரும் கண்ணுக்குத் தெரியவில்லை. அழுகியிருக்கிறது என்றும் எழுத முடியாது, நன்றாக இருக்கிறது என்றும் எழுத முடியாது. ‘பார்க்க இயலவில்லை’ என்று எழுதுகிறார். கடன் நிறுவனத்துக்கு அந்த வாசகமே போதும். சர்வேயர்களின் சங்கமான ஆர்ஐசிஎஸ் 2023-இல் இதற்கென்றே பொதுமக்களுக்கு ஒரு கையேடு வெளியிட வேண்டி வந்தது.

‘சந்தையின் பயத்தை விஞ்ஞானமாகக் காட்டுகிறீர்கள்’ என்று எதிரணி கேட்கும். நியாயமான கேள்விதான், கனடாவில் நடந்ததே அப்படித்தான். அங்கே சுவருக்குள் யூரியா ஃபார்மால்டிஹைட் நுரையை ஊற்றினார்கள். இது வேறு ரசாயனம். 1980 டிசம்பரில் அரசு அதைத் தடை செய்தது. கியூபெக்கில் வீட்டுக்காரர்கள் தொடுத்த மாபெரும் வழக்கு 1991-இல் அவர்களுக்கு எதிராக முடிந்தது. உடல்நலக் கேடு நிரூபணமாகவில்லை. ஆனாலும் வீடு விற்கும்போது ‘அந்த நுரை இருக்கிறதா?’ என்ற கேள்வி அதன் பிறகும் பல ஆண்டு தொடர்ந்தது. பயம் நியாயமோ இல்லையோ, விலை குறைந்தது வீட்டுக்காரருக்கு.

மருத்துவப் பக்கம் சுருக்கமாக: ஐசோசயனேட் தொழிலாளருக்கு ஆஸ்துமா வரவழைக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று. அடிக்கும்போதும், அதன் பிறகு குறைந்தது 24 மணி நேரமும் குடும்பம் வெளியே இருக்க வேண்டும்.

‘அப்படியானால் குளிரில் நடுங்கச் சொல்கிறீர்களா?’ வேண்டாம். படுக்கையறைக் கூரையின் மேல், பரணின் தரையில் 270 மி.மீ. கனத்துக்குக் கண்ணாடிக் கம்பளி விரிப்பதுதான் பிரிட்டனில் பரிந்துரைக்கப்படும் முறை. முதலில் விளக்குத் துளையையும் குழாய் இடுக்கையும் அடைக்க வேண்டும். பிறகு விரிக்க வேண்டும். இறவாரத்தை மட்டும் மூடக் கூடாது. கை அரிக்கும், ஒரு நாள் தும்மல் வரும். ஆனால் ஒழுக்கு வந்தால் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுப் பார்க்கலாம். பார்த்துவிட்டு மறுபடி விரிக்கலாம். பரணில் குடியிருக்கும் வௌவாலுக்கும் இடைஞ்சல் இல்லை. 1981-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி அங்கே வௌவால் தங்கும் இடத்தை அடைப்பது குற்றம். நுரை வாங்கும் வீட்டுக்காரருக்கு இத்தனை பாதுகாப்பு இருப்பதாகத் தெரியவில்லை.

சரியாக அளந்து, மரம் காய்ந்திருக்கும்போது, மூச்சுவிடும் ஃபெல்ட் விரித்து, ஆவிக் கணக்குப் போட்டு அடித்த நுரை நன்றாக இருக்கக்கூடும். புதுக் கட்டடத்தில் அது வேறு வழக்கு. இன்றைய தலைப்பு பழைய வீடு. நடுவரின் கை மணிப் பக்கம் போய்விட்டது. எனவே அடுத்துப் பேச வரும் எதிரணியினருக்கு ஒரே ஒரு கேள்வி. நவம்பரில் ஓர் ஓடு வழுக்குகிறது. அடியில் ஆறு அங்குலம் நுரை. தண்ணீர் இறங்குவது அந்த வீட்டு அம்மாவுக்கு எந்த மாதம் தெரியவரும்?