மெல்லிசை மேடையில் நாங்கள்
(வெள்ளிவிழாவின் இரண்டாம் நாள் மாலை ஆற்றிய உரை)

    

‘கலையும் நம் இளைஞரும்’ என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். அப்பொருள் மிகப் பெரிது. அதனை முழுமையாக ஆராயும் தகுதி எங்களுக்கு இல்லை. நாங்கள் அறிந்தது ஒன்றே. இக்கிளியூரில் ஒரே ஒரு பாஸ் கிதாரை வைத்துக்கொண்டு நாங்கள் இருவர் பதினான்கு ஆண்டுகளாக மெல்லிசைக் குழுக்களில் மாறி மாறி வாசித்து வருகிறோம். எங்களுள் ஒருவர் காப்பித் தோட்டத்தில் எழுத்தர். மற்றவர் தொடக்கப்பள்ளி ஆசிரியர். ஒருவருக்குப் பணி இருக்கும் நாளில் மற்றவர் மேடையேறுவார். ஆதலின் இங்கே நின்று படிப்பவர் ஒருவராயினும், சொற்கள் இருவர்க்கும் உரியன.

பாஸ் கிதார் என்பது யாது என வினவும் பாட்டிமார் பலர் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். சாதாரணக் கிதாரில் ஆறு தந்திகள், இதில் நான்கு. அவை தடித்தவை, நீண்டவை. முற்காலத்தில் இப்பணியைச் செய்தது ஆள் உயரத்தையும் விஞ்சிய டபுள் பாஸ் என்னும் பெருங்கருவி. அதனை நிறுத்தி வைத்தே வாசிக்க வேண்டும். பேருந்தில் ஏற்ற இயலாது. 1951ஆம் ஆண்டில் லியோ ஃபெண்டர் என்னும் அமெரிக்கர், தோளில் மாட்டி வாசிக்கக்கூடிய மின்சாரப் பாஸ் கிதாரை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதன் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறையே அதிர்கிறது. மனிதச் செவி இத்தகைய தாழ்ந்த ஒலியை எளிதில் உணர்வதில்லை. கேட்கச் செய்ய வேண்டுமாயின் மிகுந்த மின்னாற்றலும் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியும் தேவை. எங்கள் துன்பங்களுள் பாதி இவ்வொரு காரணத்தால் விளைந்தவையே.

இரவில் திருவிழா நடக்கும் ஊரை நோக்கி நடந்து சென்றவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். தொலைவிலிருந்து பாடகரின் குரல் கேளாது, கீபோர்டு கேளாது, ‘தும், தும்’ என்னும் அடியொலி மட்டும் முதலில் வந்து சேரும். உயர்ந்த ஒலிகளைக் காற்று வழியிலேயே தின்றுவிடுகிறது. தாழ்ந்தவை கடந்து வருகின்றன. ஏற்காட்டு ஏரி நிரம்பி வழியும் காலங்களில் நம் அருவியும் அவ்வாறே. அருகில் சென்றால் இரைச்சல். வீட்டில் படுத்திருந்தால் ஒரு முழக்கம் மட்டும். ஆயினும் மேடையின் முன் அமர்ந்திருப்போர் எங்களைக் கவனிப்பது அரிது. பாட்டு முடிந்ததும் பாடகருக்குக் கைதட்டுவர், தபேலாக்காரருக்குச் சீட்டியடிப்பர். இதனைக் குறையாகச் சொல்லவில்லை. மின் இணைப்பு அறுந்து பாஸ் மட்டும் நின்றுபோன இரவுகளில், ‘என்னப்பா, பாட்டு சப்பென்று இருக்கிறதே?’ என்று கேட்டவரும் இதே மக்கள்தாம்.

எங்கள் நாள் எவ்வாறு கழிகிறது என்பதையும் கூறிவிடுகிறோம். காலையில் தோட்டத்தில் பேர்கூப்பிட்டு ஆட்களைப் பிரித்து அனுப்ப வேண்டும். கார்த்திகை தொடங்கித் தை வரை பழம் பறிக்கும் பருவம். மாலை எடை போட்டுக் கணக்கு முடிய இருட்டிவிடும். அதன்பின் அரை மணி நேரம் பயிற்சி. அண்டை வீட்டுப் பிள்ளைக்குத் தேர்வு என்றால் ஆம்ப்ளிஃபயரைப் போட இயலாது. கிதாரின் தலைப்பகுதியை மர அலமாரியின் கதவில் அழுத்தி வைத்துக்கொண்டு வாசிப்போம். மரம் முழுதும் அதிர்ந்து ஒலியைத் தரும். காசில்லாத ஆம்ப்ளிஃபயர் அது.

இம்மலை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். பனியும் மூடுபனியும் கருவிக்குப் பகை. ஈரத்தில் மரக்கழுத்து வளைகிறது, தந்தி துருப்பிடிக்கிறது. புதுத் தந்தி வாங்கச் சேலத்துக்கு இறங்க வேண்டும், விலையும் எளிதன்று. ஆதலின் பழந்தந்திகளைக் கழற்றி வெந்நீரில் கொதிக்க வைத்து, அழுக்கு நீக்கி, துடைத்துக் காயவைத்து மீண்டும் பூட்டுவோம். சில வாரங்களுக்குப் பழைய ஒலி திரும்பும். ரசம் வைக்கும் பாத்திரத்தில் இதனைச் செய்து எங்கள் தாயாரிடம் வாங்கிய வசவு இந்த அவையில் சொல்லத்தக்கதன்று.

நிகழ்ச்சிகள் பெரும்பாலும் சமவெளியில். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் திருமண வரவேற்புகள். மார்கழியில் தோட்டத்துத் தேவாலயங்களின் கிறிஸ்துமஸ் விழாக்கள். மே மாதத்தில் ஏற்காட்டுக் கோடை விழா. ஒலிபெருக்கிப் பெட்டியைப் பேருந்தின் பின்புறம் ஏற்றி, அதற்கும் சுமைச்சீட்டு வாங்கி, இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அது உருளாதபடி காலால் தாங்கிக்கொண்டு இறங்குவோம். அடிவாரம் தாண்டியதும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு வரும். 1935இல் தொடங்கி நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்த நிறுவனத்தில் எஞ்சி நிற்பது அவ்வளைவு. அதனைக் கடக்கும்போதெல்லாம், அங்கே எத்தனை வாத்தியக்காரர்கள் பெயரின்றி வாசித்துச் சென்றிருப்பார்கள் என்று பேசிக்கொள்வோம். நிகழ்ச்சி முடிய நள்ளிரவாகும். மலைக்குப் பேருந்து இராது. சேலம் பேருந்து நிலையத்தில் பெட்டியின்மேல் தலைவைத்துத் துயின்று, விடியலில் முதல் வண்டி பிடித்து, பேர்கூப்பிடும் நேரத்துக்குத் தோட்டத்தில் நிற்போம்.

ஊதியம் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதே நலம். பாடகர்க்கு முதலில், கீபோர்டுக்கு அடுத்து, தாளக்கருவிகளுக்குப் பின்னர், மிஞ்சியது எங்களுக்கு. கீபோர்டு இயந்திரமே பாஸையும் வாசித்துவிடும் காலம் வந்தபின் முதலில் நிறுத்தப்பட்டவர்கள் எங்களைப் போன்றோரே. இப்பொழுது கரோக்கி வந்து குழுவையே நிறுத்திவிட்டது. ஒரு கணினி, ஒரு பாடகர், முடிந்தது. இதனை நம்பி எவரும் குடும்பம் நடத்த இயலாது. தம்பிமார்களுக்கு இதனை மறைக்கமாட்டோம். படிப்பை விட்டுவிட்டு மேடைக்கு வந்தவர் இருவரை நாங்கள் அறிவோம். அவர்கள் இருவரும் இன்று மேடையிலும் இல்லை.

இனி, இச்சங்கத்துக்கும் எங்களுக்கும் இடையில் நேர்ந்த ஒரு வழக்கைக் கூறியாக வேண்டும்.

பாஸ் கிதாரை நாங்கள் முதன்முதலில் தெருவுக்குள் கொண்டுவந்த நாளில், சங்கத்தின் பெரியவர் ஒருவர் எங்களை நிறுத்தி, ‘பறையை இறக்க நாங்கள் பட்ட பாடு போதாதா? இதை வேறு தூக்குகிறீர்களா?’ என்று கேட்டார். அச்சொல்லில் இருந்த வேதனையை அன்று நாங்கள் உணரவில்லை. எங்கள் பாட்டனார் சமவெளியிலிருந்து தோட்டக் கூலிக்காக மலையேறியவர். சொந்த ஊரில் மேல்தெருவில் சாவு விழுந்தால், கூலி நாளை இழந்து இறங்கிச் சென்று பறையடித்தாக வேண்டும். மறுக்க உரிமை இல்லை. கூலி இவ்வளவு என்று கேட்கவும் உரிமை இல்லை. கொடுப்பது துண்டில் கட்டிய சோறு. தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் போன்றோர் சாப்பறை அடிக்க மறுக்கச் சொல்லி இயக்கம் நடத்தியது இதற்காகவே. தீண்டாமை பற்றி ஆராய 1965இல் இந்திய அரசு அமைத்த குழுவின் தலைவராக விளங்கியவரும் அவரே. அம்மறுப்புக்காக அடிபட்டோர், ஊர்விலக்கம் பெற்றோர் தமிழகமெங்கும் உண்டு. எங்கள் தந்தையார் பறையைத் தொடவில்லை. பேண்டு செட்டில் சேர்ந்து பெரிய டிரம் அடித்தார். சீருடை இருந்தது, முன்பணம் இருந்தது. எனினும் திருமண ஊர்வலம் மண்டப வாயிலை அடைந்ததும் பேண்டுக்காரர்கள் வெளியே நின்றுவிட வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

நாங்கள் மாறிவிட்டோம் என்றே எண்ணியிருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் சமவெளியில் ஓர் ஊர்த் திருவிழாவுக்கு எங்கள் குழு ஒப்புக்கொண்டது. குழுவில் பல சாதியினரும் உண்டு. மாலையில் மேடை கட்டி, ஒலி சரிபார்த்து முடித்தபின், விழா நடத்தியவர் குழுத்தலைவரைத் தனியே அழைத்து, எங்களுள் மூவருக்கு மட்டும் இலை பின்புறம் போடப்படும் என்றார். குழுத்தலைவர் எங்களிடம் வந்து, ‘ஒரு வேளைச் சோறுதானே, பொறுத்துக்கொள்ளுங்கள், நிகழ்ச்சி கெட்டுவிடும்’ என்றார். அவர் கெட்டவர் அல்லர், கடனில் இருந்தவர். நாங்கள் மூவரும் ஐந்து நிமிடம் பேசினோம். பின்னர்க் கம்பிகளைச் சுருட்டினோம். எங்கள் பங்கு முன்பணத்தை அங்கேயே எண்ணிக் கொடுத்துவிட்டு, பெட்டியைச் சுமந்து நெடுஞ்சாலை வரை நடந்தோம். நிகழ்ச்சி நடந்தது, கீபோர்டில் பாஸை வைத்துக்கொண்டார்கள். அடிச்சத்தம் சாலை வரை எங்களைத் தொடர்ந்து வந்தது. அதன்பின் அக்குழு இரண்டாகப் பிரிந்தது. ஓராண்டு எங்களை எவரும் அழைக்கவில்லை. செய்தது சரியா என்று அவ்வோராண்டும் எங்களுக்குள் வாதிட்டிருக்கிறோம். முற்றாக ஒத்துக்கொண்டோம் என்று சொல்ல இயலாது.

ஆனால் அன்றிரவு நடந்தபொழுதுதான் பெரியவர் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்தது. பாட்டனாரால் சுருட்டிக்கொண்டு திரும்ப இயலவில்லை, எங்களால் இயன்றது. மாதச் சம்பளம் தரும் வேலை இருந்ததால் இயன்றது. அவ்வேலை இச்சங்கத்தின் மாலைநேர வகுப்பால் கிடைத்தது. இதனைப் பெரியவரிடம் சென்று கூறினோம். அவர் பதில் ஒன்றும் கூறவில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்கு நாங்கள் வாசித்தபோது வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார்.

காலமும் மாறி வருகிறது. எந்தப் பறையை நம் முன்னோர் இறக்கி வைத்தார்களோ, அதனை இன்று கல்லூரி மாணவர்களும் பெண்களும் விரும்பிக் கற்கின்றனர். மதுரைப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2018 சனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் கானாவும் பறையும் மின்சாரக் கிதாரும் ஒரே மேடையில் ஒலித்தன. பண்டிதர் அயோத்திதாசர் ஆண்ட ‘சாதிபேதமற்ற’ என்னும் சொல்லையொட்டி அமைந்த பெயர் அது.

எங்கள் கருவிக்குரிய இருவரைப் பற்றியும் சொல்லாமல் அமர மனம் வரவில்லை. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் என்னும் கறுப்பினக் கலைஞர், வலக்கையில் ஒரே விரலால் மீட்டியவர். 1960களில் உலகமே கேட்ட பாட்டுகளில் அவர் வாசித்திருந்தும், இசைத்தட்டு உறைகளில் அவர் பெயர் இல்லை. 1971இல் மார்வின் கேயின் தொகுப்பு ஒன்றில்தான் பெயர் அச்சாயிற்று. அவர் 1983இல் மறைந்தார். தந்தியை மாற்றவே மாட்டாராம். எங்கள் தாயாரிடம் இதனைச் சொல்லிப் பார்த்தோம், பயனில்லை. நம் நாட்டில், பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராசனுடன் பொதுவுடைமை மேடைகளில் வாசித்து வளர்ந்து, 1976இல் ‘அன்னக்கிளி’ மூலம் திரையுலகுக்கு வந்த இளையராஜா, பாஸுக்கென்றே தனி மெட்டை எழுதியவர். ‘நினைவெல்லாம் நித்யா’ படப் பாடல்களைக் கேளுங்கள். குரலை ஒதுக்கிவிட்டு அடியில் ஓடுவதை மட்டும் கேளுங்கள். அவரிடம் நெடுங்காலம் அதனை வாசித்தவர் சசிதரன். எத்தனை ஆயிரம் முறை கேட்டிருக்கிறோம்! இந்த அவையில் அவர் பெயரை முன்பே அறிந்தவர் எத்தனை பேர்?

எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வகுப்பறைக் கட்டடத்தின் பின்னுள்ள சிறிய அறை ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பூட்டியே கிடக்கிறது. மூன்று மணி முதல் ஆறு மணி வரை அதனை எங்களுக்குத் தந்தால், கற்க விரும்பும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவோம். அவ்வாரம் மாலை வகுப்புக்கு வராத பிள்ளைக்கு அறைக்குள் இடமில்லை என்பது எங்கள் நிபந்தனை. அதனைச் சங்கமும் ஏற்கும் என நம்புகிறோம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஏற்கெனவே எங்கள் வீட்டு வாயிலில் வந்து நிற்கிறாள். அவள் விரல்கள் சிறியவை. முதல் கட்டைகள் எட்டுவதில்லை. ஆகவே உயரக் கட்டைகளிலிருந்து தொடங்கியிருக்கிறோம். அவளுக்கென இரண்டாவதாக ஒரு பழைய கிதார் கிடைக்குமா எனச் சேலத்தில் விசாரித்து வருகிறோம். சாவி யாரிடம் இருக்கிறது என்று செயலாளர் அவர்கள் கூட்டம் முடிந்தபின் தெரிவித்தால் போதும்.