சங்கத்துக்கென்று ஓர் இடம்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வாசகசாலை கட்டும் யோசனைக்கு இன்று நாம் முடிவு சொல்ல வேண்டும். "சம்பளமே போதவில்லை, கட்டடம் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதனால்தான் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில் இருக்கும் ஒரு பழைய கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வந்தோம்.

1856 ஏப்ரல் 21ஆம் திகதி, அங்கே பல்கலைக்கழகத்தைக் கட்டிக்கொண்டிருந்த கல்வேலைத் தொழிலாளர்கள் உளியைக் கீழே வைத்துவிட்டுப் பாராளுமன்றக் கட்டடத்தை நோக்கி ஊர்வலமாக நடந்தார்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, சம்பளத்தில் ஒரு சதமும் குறையக்கூடாது என்பதே கோரிக்கை. கட்டடத் தொழிலாளர்கள் அதை வென்றார்கள்.

வென்ற பிறகு அவர்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடவில்லை. தாங்களே பணம் சேர்த்து ஒரு மண்டபம் கட்டி 1859இல் திறந்தார்கள். மரத்தாலான எளிய கட்டடம். அதன் பெயரிலேயே 'இலக்கிய நிலையம்' என்றும் சேர்த்திருந்தார்கள். கூட்டம் போடுவதற்கு மட்டுமல்ல, படிப்பதற்கும் அது இடம். எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம், மிச்ச எட்டு மணி நமக்கு என்று கேட்டு வாங்கியவர்கள், அந்த மிச்சம் தவறணையில் கரையக்கூடாது என்று நினைத்தார்கள் போலும்.

இன்று அங்கே நிற்கும் பெரிய கட்டடத்தை 1870களில் தொடங்கினார்கள். பகுதி பகுதியாகக் கட்டி முடிக்க ஏறத்தாழ ஐம்பது வருடம் ஆனது. 1915இல் பெட்டகத்தை உடைக்கத் திருடர்கள் புகுந்தார்கள். துப்பாக்கிச் சண்டையில் ஒரு பொலிஸ்காரர் உயிரிழந்தார். குண்டு துளைத்த அடையாளங்களை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள்.

மாதர் தலைவிகள் இதைக் கவனிக்க வேண்டும். எட்டு மணி நேரம் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. தையல் வேலை செய்த பெண்களுக்கு உருப்படிக் கணக்கில்தான் கூலி, கிலோக் கணக்கில் நமக்குப் போடுகிறார்களே, அதைப் போல. 1882 டிசம்பரில் அந்தக் கூலியையும் குறைத்தபோது அவர்கள் இந்த மண்டபத்துக்கு வந்துதான் கூடினார்கள், சங்கம் அமைத்தார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள். கூடுவதற்கு முதலாளிக்குச் சொந்தமில்லாத ஒரு கூரை இருந்தது. பின்னர் பெண் தொழிலாளர்களுக்கென்று தனி மண்டபமும் அங்கே எழுந்தது.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. அதே மண்டபத்தில் சீனர்களுக்கும் மற்ற ஆசியத் தொழிலாளர்களுக்கும் எதிராகப் பேசினார்கள். வெள்ளையர் மட்டும் வாழும் நாடு வேண்டும் என்ற கொள்கையை ஆதரித்தார்கள். அந்தக் காலத்தில் நாம் போயிருந்தால் நமக்கு ஆசனம் கிடைத்திருக்காது. கட்டடம் நல்லதாக இருந்தால் போதாது, வாசல் யாருக்குத் திறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

நம் கதைக்கு வருவோம். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். பிரட்டுக்களம், கொழுந்து மடுவம், பாதை, எல்லாம் தோட்டத்துக்குச் சொந்தம். வெளியாட்கள் உள்ளே வர முடியாத அந்தக் காலத்தில் நடேசய்யர் துணி வியாபாரி போல லயங்களுக்குள் போய்த் தொழிலாளரைச் சந்தித்தார் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இன்று வேஷம் தேவையில்லை. ஆனாலும் கூட்டம் வைக்க வேண்டுமென்றால் கோயில் வாசலையோ யாராவது ஒருவருடைய இஸ்தோப்பையோதான் தேடுகிறோம். மழை வந்தால் கலைந்துவிடுகிறோம். பழைய சம்பள ஒப்பந்தங்கள், வழக்குக் கடதாசிகள் எல்லாம் யார் யாருடைய பெட்டியிலோ கிடக்கின்றன, கறையான் அரிக்கிறது.

சந்திக்குப் பக்கத்தில் பார்த்திருக்கும் ஆறு பேர்ச்சஸ் காணி தோட்ட எல்லைக்கு வெளியே இருக்கிறது. முதலில் ஓர் அறை, ஒரு அலுமாரி, பிள்ளைகள் பாடம் படிக்க இரண்டு வாங்கு போதும். சாவி ஒன்று தலைவரிடமும் ஒன்று மாதர் தலைவியிடமும் இருக்க வேண்டும் என்பது எங்கள் யோசனை. சந்தாவோடு மாதம் எவ்வளவு சேர்க்கலாம் என்பதை இப்போது நீங்கள் சொல்லுங்கள்.