சுங்கம் போனது; பணம் யாருக்கு?



சுவிட்சர்லாந்து 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்து தொழிற்பொருள்களுக்கான இறக்குமதிச் சுங்கத்தை அடியோடு எடுத்துவிட்டது. எந்த நாட்டுச் சரக்கு என்ற பேதமில்லை. நம் நாட்டு ரப்பர் கையுறைக்கும் அங்கே சுங்கமில்லை.

அந்நாட்டார் விலையைப் பார்த்தல்ல, எடையைப் பார்த்தே சுங்கம் விதித்து வந்தவர்கள். பெட்டியின் எடையும் அதில் சேர்த்தி! வாளியோடு பாலை நிறுத்தால் நமக்கு லாபம். அங்கோ வாங்குகிறவனுக்கு நட்டம்.

விவசாயப் பொருள்களின் சுங்கத்தை மட்டும் இந்தத் திருத்தம் தொடவில்லை. அங்கே உழவர் சங்கம் வலுவானது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

இதனால் அரசாங்கம் விட்டுக்கொடுப்பது ஆண்டுக்குச் சுமார் 50 கோடி பிராங்கு. சிறு தொகையா? ஆலைக்கு இயந்திரமும் மூலப்பொருளும் மலிவாகும், சரி. ஆனால் இறக்குமதி முதலாளி விலையைக் குறைத்தால்தானே அது தொழிலாளி வீட்டுக்கு வரும்? குறைத்தே தீரவேண்டுமென்று அவரைக் கட்டாயப்படுத்தும் சட்டமில்லை.

சுங்கம் வேறு, விற்பனை வரி வேறுதான். ஆனாலும் 2018 ஜூனில் நம் நாட்டில் பொருள் சேவை வரி பூஜ்யமாக்கப்பட்டதே, அந்த மாதம் கடையில் எத்தனை சாமான்களின் விலை இறங்கியது? வீட்டில் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், தோழர்களே.