ஒரே வேலைக்கு இரண்டு தரம் காசு



சென்ற மாதம் வரிப்பத்திரம் நிரப்புவது பற்றிப் பேசியிருந்தேன். நிகழ்ச்சி முடிந்ததும் ஆர்கவ் மாநிலத்திலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் வந்தார். "தம்பி, வரி இருக்கட்டும். எங்கட குசினி வேலை ஆறு மாதமாய் அரைகுறையில கிடக்கு. காசெல்லாம் குடுத்தாச்சு. இப்ப ஆள் போனை எடுக்கிறாரில்லை. நாங்கள் என்ன செய்யிறது?" என்று கேட்டார். அதற்கு இரண்டு வசனத்தில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. ஆகவே இன்றைய பேச்சு அந்த அம்மாவுக்கான பதில். ஒரு பேனையையும் கடதாசியையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில நாட்கணக்குகள் வரும்.

1983க்குப் பின்னர் அகதிகளாக வந்து, உணவகக் குசினிகளிலும் துப்புரவு வேலைகளிலும் நின்று உழைத்தவர்கள் நாங்கள். அந்த உழைப்பில் பலர் இன்று சொந்த வீடு வாங்கியிருக்கிறோம். வாங்கவும் திருத்தவும், 1995 முதல் சட்டம் அனுமதிப்பதால், இரண்டாம் தூண் எனப்படும் ஓய்வூதியக் காசிலும் கை வைத்திருக்கிறோம். எனவே அரைகுறை வேலையில் தொலைகிற காசு வெறும் சேமிப்பல்ல. அது எங்கள் முதுமைக்கு வைத்த காசு.

ஊருக்குப் புத்தி சொல்லும் நானும் இதில் அகப்பட்டவன்தான். வணிகம் படித்தவன், கணக்கு எழுதிப் பிழைப்பவன். அப்படியிருந்தும் 2016இல் எங்கள் பழைய வீட்டின் குளியலறையையும் தண்ணீர்க் குழாய்களையும் மாற்றுவதற்கு ஒரு கொந்தராத்துக்காரரிடம் 64,000 பிராங்குக்கு வேலையைக் கொடுத்தேன். அவர் எங்களவரா, சுவிஸ்காரரா என்று கேட்காதீர்கள். அது இந்தக் கதைக்குத் தேவையில்லை. சாமான் வாங்க என்று 20,000 கேட்டார், கொடுத்தேன். ஆட்களுக்குச் சம்பளம் என்று 25,000 கேட்டார், கொடுத்தேன். பிறகு இன்னுமொரு 15,000. வேலை பாதி முடிந்தபோது காசில் 60,000 போய்விட்டது. அதன் பிறகு அவர் வரவில்லை. நிறுவனம் வங்குரோத்து ஆகிவிட்டது என்று பின்னர்தான் தெரிந்தது.

கதை அதோடு முடியவில்லை. சில வாரங்களில் நீதிமன்றத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. குழாய் வேலை செய்தவருக்குக் கொந்தராத்துக்காரர் 14,300 பிராங் கொடுக்கவில்லையாம். அதற்காக எங்கள் வீட்டின் மேல், காணிப் பதிவேட்டில், தற்காலிக அடமானம் பதியப்பட்டிருந்தது. நான் திகைத்துப் போனேன். குழாய்க்காரரோடு நான் ஒப்பந்தம் எதுவும் செய்யவில்லையே! அவருடைய வேலைக்கான காசையும் சேர்த்துத்தானே கொந்தராத்துக்காரரிடம் கொடுத்தேன்! ஆனால் சட்டம் குழாய்க்காரரின் பக்கம். கடைசியில் அந்தக் காசை நாங்களே கட்டினோம். ஒரே வேலைக்கு இரண்டு தரம். மிச்ச வேலையை முடிக்க வேறு ஆட்களுக்குக் கொடுத்தது தனிக் கணக்கு. வங்குரோத்துப் பட்டியலில் எங்கள் பெயரும் ஏறியது. கைக்கு ஒரு றாப்பனும் வரவில்லை.

இந்த உரிமைக்கு டொச்சில் பவ்ஹண்ட்வெர்க்கர் ஃபண்ட்ரெஹ்ட் என்று பெயர். கட்டட வேலையாளரின் அடமான உரிமை என்று சொல்லலாம். சுவிஸ் குடியியல் சட்டத்தின் 837ஆம் பிரிவு அதைத் தருகிறது. ஒருவருடைய உழைப்பு உங்கள் வீட்டுக்குள் போய்விட்டது. அதைக் கழற்றி எடுக்க முடியாது. ஆகவே கூலி வராவிட்டால் வீடே பொறுப்பு என்பதுதான் சட்டத்தின் எண்ணம். கொந்தராத்துக்காரருக்கு நீங்கள் முழுக்காசும் கட்டிவிட்டீர்கள் என்பது, அவருக்குக் கீழே வேலை செய்தவரின் உரிமையைத் தடுக்காது.

இதற்கு ஓர் எல்லை உண்டு. வேலை செய்தவர் தன் வேலையை முடித்த நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் அந்த அடமானம் பதிவேட்டில் ஏறிவிட வேண்டும். 2012க்கு முன்னர் அது மூன்று மாதமாக இருந்தது. விண்ணப்பம் போட்டால் போதாது, பதிவாகியிருக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் உரிமை போய்விடும்.

நேயர்களே, இந்த இடத்தில் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்று பூச்சு வேலை, வர்ணம் பூசும் வேலை, தரையோடு பதிக்கும் வேலை என்று சிறு நிறுவனங்கள் நடத்துகிறார்கள். பெரிய கொந்தராத்துக்காரர் காசு தராமல் இழுத்தடித்தால் அவர்களுக்கும் இதே சட்டம்தான் காவல். "அடுத்த மாதம் தாறன்" என்ற பேச்சை நம்பி நான்கு மாதத்தைக் கடத்திவிடாதீர்கள். மூன்றாம் மாதம் தொடங்கும்போதே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வீட்டுக்காரரைக் கடிக்கிற சட்டம் என்று இதை நினைக்கத் தேவையில்லை. கையில் காசை வைத்திருக்கத் தெரியாத வீட்டுக்காரரைத்தான் அது கடிக்கிறது.

அப்படியானால் வீட்டுக்காரர் என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, முற்பணம். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால், கூலி கொடுக்க வேண்டிய நேரம் வேலையைக் கையளிக்கும் நேரம் என்றுதான் சுவிஸ் கடப்பாட்டுச் சட்டத்தின் 372ஆம் பிரிவு சொல்கிறது. நாங்களோ முதல் நாளே கடித உறையோடு நிற்கிறோம். பெரிய வேலை என்றால் கட்டம் கட்டமாகக் கொடுப்பது நியாயம். ஆனால் முடிந்த கட்டத்துக்கே காசு. இது எங்களுக்குப் புதிதல்ல. 2012 முதல் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் நடந்த இந்திய வீடமைப்புத் திட்டத்தில், ஒரு புது வீட்டுக்கான 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவையும் ஒரே தடவையில் கொடுக்கவில்லை. வேலை எவ்வளவு முடிந்தது என்று பார்த்துப் பார்த்துத்தான் வங்கிக் கணக்கில் போட்டார்கள். அங்கே எங்கள் சகோதரங்கள் அப்படித்தான் கட்டினார்கள். இங்கே நாங்கள் மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க வேண்டும்?

இரண்டாவது, கடைசிக் காசு. பத்தில் ஒரு பங்கையாவது கடைசிவரை பிடித்து வைப்பதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கீழே வேலை செய்யும் நிறுவனங்களின் பெயர்ப் பட்டியலையும் கேளுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் முன்னர், அவர்களுக்குக் காசு கட்டியதற்கான பற்றுச்சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். அல்லது அவர்களுக்கு நேரடியாகக் கட்டுவதாக எழுதிக்கொள்ளுங்கள். நான் இதைச் செய்திருந்தால் அந்த 14,300 பிராங் எங்கள் வீட்டில் இருந்திருக்கும்.

மூன்றாவது, ஆளைப் பற்றிய விசாரணை. கலியாணம் பேசும்போது எத்தனை வீட்டில் விசாரிக்கிறோம்! கொந்தராத்துக்காரரின் நிறுவனம் வர்த்தகப் பதிவேட்டில் இருக்கிறதா என்று செஃபிக்ஸ் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கடன் அறவீட்டுப் பதிவேட்டின் பிரதியையும் கேட்கலாம். அதற்கு 20 பிராங்கும் முடியாது. பற்றுச்சீட்டு இல்லாமல் கையில் காசு கேட்பவரிடம் வேலையே கொடுக்காதீர்கள். மலிவாக இருக்கும், ஆனால் பிழை வந்தால் காட்டுவதற்கு உங்களிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இராது.

நான்காவது, கையளிக்கும் நாள். அன்று இருவரும் சேர்ந்து ஒவ்வோர் அறையாகப் பார்த்து, குறைகளை எழுதி, இருவரும் கையொப்பம் இடுங்கள். படமும் எடுங்கள். ஒப்பந்தத்தில் எஸ்.ஐ.ஏ. 118 என்ற விதிமுறை சேர்க்கப்பட்டிருந்தால், முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் எந்த நேரமும் குறையை முறையிடலாம். அது சேர்க்கப்படாவிட்டால் முன்னர் நிலைமை கடுமை. குறையைக் கண்டவுடனேயே அறிவிக்க வேண்டும், ஒரு வாரம் கடந்தாலே ஆபத்து. 2026 சனவரி 1 முதல் புதிய சட்டம் வந்திருக்கிறது. அதன் பின்னர் செய்த ஒப்பந்தங்களில், கட்டடக் குறைகளை அறிவிக்க 60 நாள் உண்டு. குறையை இலவசமாகத் திருத்திக் கேட்கும் உரிமையையும் ஒப்பந்தத்தில் முன்கூட்டியே பறிக்க முடியாது. பழைய ஒப்பந்தம் வைத்திருப்பவர்கள் 60 நாளை நம்பி இருக்க வேண்டாம்.

ஐந்தாவது, பெற்றைபுங். காசு தகராறு வந்தால் கொந்தராத்துக்காரர் உங்களுக்குக் கடன் அறவீட்டு அறிவித்தல் அனுப்பலாம். அதற்கு அவர் எந்த ஆதாரமும் காட்டத் தேவையில்லை. அதைக் கண்டு பயப்படவும் வேண்டாம், அலுமாரிக்குள் வைக்கவும் வேண்டாம். 10 நாளுக்குள் ரெஹ்ட்ஸ்ஃபோர்ஷ்லாக், அதாவது மறுப்பு, தெரிவிக்க வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. 10 நாள் கடந்தால் அவர் மேற்கொண்டு அறவிடப் போகலாம். அந்தப் பதிவு உங்கள் பெயரில் நிற்பது குடியுரிமை விண்ணப்பத்துக்கும் இடைஞ்சல். நீங்கள் மறுத்து, அவரும் அதற்கு மேல் ஒன்றும் செய்யாமல் இருந்தால், மூன்று மாதத்தின் பின் அது மற்றவர்களுக்குத் தெரியாதபடி மறைக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். 2019 முதல் இந்த வசதி உண்டு.

இனி ஆர்கவ் அம்மாவுக்கு வருகிறேன்.

அம்மா, இனித் தொலைபேசி எடுக்க வேண்டாம். எடுத்தாலும் அதற்குச் சாட்சி இல்லை. முதலில் குசினியை மூலை முடுக்கெல்லாம் படம் எடுங்கள். எது முடிந்தது, எது முடியவில்லை என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். அதை இணைத்து ஒரு பதிவுத்தபால் அனுப்புங்கள். இன்ன திகதிக்குள் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் செலவில் வேறு ஆளைக் கொண்டு முடிப்போம் என்று அதில் எழுதுங்கள். பிள்ளைகளில் ஒருவர் டொச்சில் எழுதித் தருவார். அந்தத் திகதி கடந்தும் அசைவில்லை என்றால் உங்கள் பகுதிச் சமாதான நீதிபதியிடம் போங்கள். வழக்குக்கு முன்னர் அங்கேதான் போக வேண்டும். நீதிமன்றம் என்ற பயம் வேண்டாம். மேசையில் இருவரையும் இருத்திப் பேசும் இடம் அது. 10,000 பிராங் வரையான பிணக்கில் அவர் ஒரு தீர்வையும் முன்வைக்கலாம். ஆனால் அதற்கு முன், நிறுவனம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். வங்குரோத்தானவரோடு வழக்காடி எதுவும் வராது என்பதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

நம்பிக்கை கெட்ட பழக்கம் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த நாட்டில் கதவு திறந்துவிட்டவர்களையும், வேலைக்குச் சேர்த்துவிட்டவர்களையும் நம்பித்தானே நாங்கள் எழும்பினோம். நம்புகிறவரோடும் கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசிக் காசை வேலை முடியும்வரை உங்கள் கையில் வைத்திருங்கள். நேர்மையான மேசன் அதற்குக் கோபிக்க மாட்டார். கோபிப்பவரை முதல் நாளே தெரிந்துகொண்டால் அதுவும் இலாபம்தான்.

அடுத்த மாதம் வேறொரு விடயத்தோடு சந்திப்போம்.