மூச்சிரைக்கிறது என்று முடங்கிவிடலாமா?

(ஆஸ்துமா நோயாளிகளும் அவர்களது குடும்பத்தாரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவருக்கு இருபது வருடங்களாக வீசிங். இழுப்பு வருகிறது என்று மாடிப்படி ஏறுவதை விட்டார். பிறகு கடைத்தெருவுக்குப் போவதை விட்டார். பிறகு வாசலைத் தாண்டுவதையே விட்டுவிட்டார். "அலையாதீங்க அத்தா, உட்காருங்க" என்று பாசத்தோடு சொல்லிச் சொல்லியே பிள்ளைகள் அவரை நாற்காலியில் முடக்கிவிட்டார்கள். இன்று பத்தடி நடந்தாலே அவருக்கு இரைக்கிறது. இது ஆஸ்துமா மட்டும் செய்த வேலையா? சிந்தித்துப் பாருங்கள்!

நடக்காத காலில் வலு குறையும். வலு குறைந்தால் சிறு வேலைக்கும் மூச்சு வாங்கும். அதைக் கண்டு பயந்து இன்னும் முடங்குவோம். எடை கூடும், ஆஸ்துமாவைக் கட்டுப்படுத்துவது மேலும் கடினமாகும்.

பிரிட்டனைச் சேர்ந்த பவுலா ராட்க்ளிஃப் ஆஸ்துமா உள்ளவர். 2003ல் லண்டன் மராத்தானை 2 மணி 15 நிமிடம் 25 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். நாம் மராத்தான் ஓட வேண்டாம். தெருமுனை வரை நடக்கக் கூடாதா?

ஆனால் மருந்து இல்லாமல் நடை இல்லை. அதிக மருந்துக்கும் அடங்காத ஆஸ்துமா என்று சொல்லப்படுபவர்களில் பலர், தடுப்பு இன்ஹேலரைத் தினமும் எடுப்பதில்லை. அல்லது தவறாக இழுக்கிறார்கள். "பழகினால் விட முடியாது" என்று பயமுறுத்துகிறார்கள். உண்மை என்ன? மாத்திரையில் ஸ்டீராய்டு மில்லிகிராம் கணக்கில் உடலெங்கும் போகிறது. இன்ஹேலரிலோ மைக்ரோகிராம் கணக்கில் நேராக நுரையீரலுக்குப் போகிறது. இழுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். இழுக்கும் முறை சரிதானா என்று மருத்துவர் முன்னால் செய்து காட்டுங்கள்.

அவர் அனுமதித்த பின் 5 நிமிடத்தில் தொடங்குங்கள். மெதுவாக ஆரம்பித்து, மெதுவாக முடியுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். வாரத்திற்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. அதை எட்ட மாதங்கள் ஆகட்டும், பரவாயில்லை. புகை, பனி, தூசி உள்ள நாளில் வீட்டுக்குள்ளேயே நடங்கள். நிவாரண இன்ஹேலர் சட்டைப் பையில் இருக்கட்டும். நின்ற சில நிமிடத்தில் அடங்கினால் அது சாதாரண இரைப்பு. நெஞ்சு இறுகி விசில் சத்தம் கூடினால் நிறுத்திவிட்டு இன்ஹேலரை எடுங்கள்.

சாதாரண நாளில் என்ன மருந்து, இரவில் இருமல் வந்தால் என்ன செய்வது என்று மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு வாக்கியம் பேச முடியவில்லையா? உதடு நீலமாகிறதா? இன்ஹேலர் கேட்கவில்லையா? உடனே மருத்துவமனை! தாமதிக்காதீர்கள். ஆஸ்துமாவால் 2019ல் மட்டும் உலகில் சுமார் 4 லட்சத்து 55 ஆயிரம் பேர் இறந்தார்கள்.

சகோதரர்களே! மூன்று மாதம் நடந்துவிட்டு நிறுத்துவதில் பயனில்லை. இது ஆயுள் முழுவதற்குமான வேலை, தனியாளால் நீடிக்காது. உம்மாவுக்குத் தெருவில் நடக்கக் கூச்சமா? மொட்டை மாடியில் நீங்களும் கூட நடங்கள். "உட்காருங்க" என்று சொன்ன அதே வாயால் இனி, "வாங்க அத்தா, நானும் வருகிறேன்" என்று சொல்லுங்கள்!