வேலிக்கு அப்பால் வளரும் புல்

தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்குப் புல் ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. வாரம் ஒரு நாள் டிரெசர் லயத்தைப் பார்வையிட வருவார். அவர் வருவதற்குள் என் பாட்டி வாசலைக் கூட்டி, கால்வாயை அடைத்த இலைகளை வாரிப் போட்டுவிடுவார். சுற்றிலும் உள்ள புல்லைத் தோட்டத்து ஆட்கள் வெட்டுவார்கள். அது நிர்வாகத்தின் பாடு.

இன்று நம்மில் பலர் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டோம். நம் வீட்டுப் புல்லை நாம்தான் வெட்ட வேண்டும். ஆனால், பக்கத்து வீடு பூட்டிக் கிடந்து, அங்கே லாலான் இடுப்பளவு வளர்ந்தால் என்ன செய்வது?

அமெரிக்காவில் பல ஊர்களில் புல் 8 அங்குலம், 12 அங்குலம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். நம் நாட்டின் 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் அப்படி அளவுகோல் பிடிப்பதில்லை. அந்த இடம் பிறருக்குத் தொல்லையாகவோ உடல்நலத்திற்குக் கேடாகவோ இருக்கிறதா என்றே கேட்கிறது. அப்படியிருந்தால் மன்றம் உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்பலாம். அவர் அசையாவிட்டால், தானே ஆள் வைத்துச் சுத்தம் செய்து, செலவை அவரிடமே வசூலிக்கலாம்.

புல்லில் அப்படியென்ன கேடு என்று சிலர் கேட்பார்கள். எலி, பாம்பு இரண்டையும் நாம் அறிவோம். லாலானில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்தும் ஒருவகைக் காய்ச்சல் வரும். 1920களில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிளெட்சர், லெஸ்லர் என்னும் ஆராய்ச்சியாளர்கள் அந்தக் காய்ச்சலை ஆராய்ந்து எழுதினார்கள். செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்த மக்கள் அதனால் துன்பப்பட்டார்கள். ஆக, புல்லின் கணக்கு நம்மவர்களுக்குப் புதிதல்ல.

டிங்கி கொசுவின் கதை வேறு. ஏடிஸ் கொசு புல்லில் முட்டையிடுவதில்லை. தேங்கிய நீரை ஒட்டி இடுகிறது. முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் போதும். நீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காத்திருக்கும். உயர்ந்த புல் என்ன செய்கிறது? தகர டப்பாவையும் தேங்காய்ச் சிரட்டையையும் நம் கண்ணிலிருந்து மறைக்கிறது. கொசு தங்குவதற்கு நிழலும் தருகிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் சந்தில் இருக்கும் என் மாணவி ஒருத்திக்கு டிங்கி கண்டது. இரண்டு வாரம் அவள் நாற்காலி காலியாக இருந்தது. பூட்டிய வீட்டின் புல்தான் காரணம் என்று சந்து முழுவதும் பேசியது. நானே முன்னின்று புகார் எழுதினேன். சுகாதார அதிகாரிகள் டார்ச் விளக்கோடு வந்தார்கள். புல்லுக்குள் ஒரு பெயிண்ட் டின் அகப்பட்டது; அது காய்ந்திருந்தது. கொசுப்புழு நெளிந்தது என் வீட்டுப் பூச்சட்டித் தட்டில்! அபராதச் சீட்டும் எனக்கே வந்தது. 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி, அபராதச் சீட்டு 500 வெள்ளி வரை போகலாம். நீதிமன்றம் சென்றாலோ, முதல் குற்றத்திற்கே 10,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். ஆசிரியருக்கென்று தனிச் சட்டம் இல்லை.

அதற்காகப் பக்கத்து வீட்டுப் புல்லை அப்படியே விடச் சொல்லவில்லை. வீட்டு எண், தெருப் பெயர், தேதி, ஒரு படம் இவற்றோடு மன்றத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டு வரிப் பதிவேட்டைக் கொண்டு உரிமையாளரைத் தேடுவது அவர்கள் வேலை. ஆத்திரத்தில் தீ மட்டும் வைத்துவிடாதீர்கள். திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றமாகும். அந்தப் பூட்டிய வீட்டுப் புல், நான் இரண்டாம் முறை நினைவூட்டிய பிறகே வெட்டப்பட்டது. அதற்குள் என் பூச்சட்டித் தட்டுகளை மணலால் நிரப்பிவிட்டேன்.